திருகிய கழுத்து

மார்ச் 4

அண்ணனுக்கு,

மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். நலம் கேட்கும் வழக்கம் உனக்கில்லை, நானும் கேட்கவில்லை. என் தையற்கடைச் சாவியை அனுப்பு.

என் கழுத்து ஒருபக்கம் திருகித் தாடை பூட்டிக்கொண்ட அன்று, அண்ணியிடம் என்ன சொன்னாய்? "கோலத்தைப் பாரு! மறுபடி ஆரம்பிச்சுட்டா. இன்னும் ரெண்டு மாத்திரை குடு." என் நாக்குத்தான் மடங்கிக் கிடந்தது அண்ணா, காது கேட்டது. அந்நேரம் வீட்டுக்கு வந்த என் பக்கத்துக் கடைக்காரர் அல்லவா என்னைத் தூக்கிவந்து இங்கே சேர்த்தார்!

தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. எறும்பு வரிசைபோல் எழுத்து. வரி முடிவதற்குள் அதுவும் தேய்ந்துபோகிறது. ஊசியில் நூல் கோக்க இயலாத கைக்குச் சாவி எதற்கு?

காதில் குரல் கேட்கிறதென்று கத்தரிக்கோலோடு தெருவில் நின்றவளை இழுத்து வந்தவன் நான். மூன்றாண்டுகள் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவன் நான். நன்றி வேண்டாம், நாவை அடக்கு.

அண்ணன்

மார்ச் 20

அண்ணனுக்கு,

உன் ஏளனம் எனக்கு உதவியது. உன் கடிதத்தை மருத்துவரம்மாவிடம் காட்டினேன்.

"எழுத்து சின்னதாகுதா? கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்தேன். கைகள் வீசவில்லை.

"இது உங்க நோய் இல்லம்மா. மருந்து தசையை இறுக்கிப் பிடிச்சிருக்கு. கழுத்து திருகினதும் அதாலதான். எங்களைக் கேக்காம அளவைக் கூட்டினது யாரு?"

யார் கூட்டியது, அண்ணா? சேர்த்த அன்று ஒரே ஊசியில், கால்மணி நேரத்தில் நிமிர்ந்த கழுத்து அது. மருந்து முறுக்கியதை நோய் என்றாய். நோய் என்று மேலும் மருந்தைக் கொட்டினாய்!

மருந்தை நான் விடவில்லை. விட்டால் அந்தக் குரல்கள் திரும்பும். உன்னைவிட நான் அறிவேன். அளவைக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றுகிறார்கள். சாவியை அனுப்பு.

தங்கை

ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

சாவி இதனுடன் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்தேன். "நான்தாங்க கூட்டினேன்" என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். உன் அறையை அண்ணி பெருக்கி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வா. உன் மாத்திரைகளை இனிச் சரியாகப் பார்த்துக்கொள்வேன்.

அண்ணன்

மே 15

சாவி கிடைத்தது. இன்று ஊசியில் நூல் கோத்தேன். ஏழாம் முறையில் நுழைந்தது. என் மாத்திரைகளை நானே எடுத்து விழுங்குகிறேன். இந்த எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிராது. ஆகவே தெளிவாகப் படித்துக்கொள். வீட்டுக்கு வரமாட்டேன். நீயும் கடைப்பக்கம் வராதே. இன்னொரு சாவி உன்னிடம் இருக்கும் என்று அறிவேன்.

பூட்டை மாற்றிவிட்டேன்.

தையற்காரி