ஜன்னலோர நாற்காலி வரைக்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்துகள் ஏறியும் இறங்கியும் கிடக்கும், பொறுத்துக்கொள். ஒரு ‘ழ’ போடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் என் மகளுக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்தால் தனியாகச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மருந்துக்கடைப் பலகையை நின்று முழுவதும் வாசித்தேன். என்ன பெரியவரே, கடையை விலைக்குக் கேட்கப் போறீங்களா என்றார் கடைக்காரர்.

படுக்கையில் இருந்தபடியே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மா. உடம்பு முடியாவிட்டாலும் அதட்டல் மட்டும் குறையவில்லை. போன வாரம் உனக்கு வந்த கடிதம் அவள் திருத்தியது. இதை அவளிடம் காட்டப் போவதில்லை. சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், ஸ்பீக்கரைப் போடுங்க, நானும் கேட்கணும் என்கிறாள்.

அவளுக்கு இப்போது பரவாயில்லை. தினமும் காலையில் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பேன். முட்டியை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, சுமை தூக்கின காலத்தில் பழகிய அதே முறைதான். மெதுவா, நான் என்ன உங்க பீரோவா என்பாள். தெருவைப் பார்த்தால்தான் அவள் முகம் தெளிகிறது.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மருத்துவமனையில் அவளுக்கு மூச்சு நின்று திரும்பியதிலிருந்து, கண்ணை மூடினால் அவள் கூப்பிடுவது கேட்கிறது. எழுந்து பார்த்தால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். இப்போது பகலிலும் கேட்கிறது. காய்கறிக் கடையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால், இங்க வாங்களேன் என்கிறாள். வீட்டில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன். இதை எழுதும்போதும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் கூப்பிடவில்லை.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், என் சட்டைக்கை தொளதொளவென்று ஆடுவதைப் பார்த்து என் புஜத்தைப் பிடித்துப் பார்த்தாள். நன்றாகத்தானே சாப்பிடுகிறேன், தூக்கம்தான் இல்லை என்றேன். சாப்பிட்டா மட்டும் போதுமா தாத்தா, உடம்பு தசையைச் சரிபண்றதே தூங்கும்போதுதான், இப்படி முழிச்சே கிடந்தா இருக்கிறதும் கரைஞ்சு போகும், உங்க வயசில இன்னும் சீக்கிரமாவே போகும் என்றாள்.

நேற்று காலை அம்மாவைத் தூக்கும்போது என் கை விட்டுவிட்டது. நல்லவேளை, கட்டிலின் மேலேயே சரிந்தாள். விளையாடுறீங்களா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மை தெரிந்தால் இனி தூக்கச் சொல்லவே மாட்டாள், சுவரைப் பார்த்தபடி கிடந்துவிடுவாள். முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லி இன்று தூக்கவில்லை. எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்ல முடியும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தோடு மாடிப்படி இறங்கும்போது பிடி தளர்ந்தால், வெட்கப்படாமல் ‘கை’ என்று குரல் கொடுத்துவிட வேண்டும். கூட இருப்பவன் உடனே தோள் கொடுப்பான். குரல் கொடுக்காதவனோடு யாரும் மறுபடி சுமைக்கு வரமாட்டார்கள். நான் ஒருநாளும் குரல் கொடுத்ததில்லை, தேவைப்படவில்லை. இப்போது உனக்குக் கொடுக்கிறேன்.

சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. அப்பா கூப்பிட்டார் என்று சொல்லாதே, உன்னைப் பார்க்கணும்போல இருந்ததும்மா என்று சொல். அவள் பக்கத்தில் நீ படுத்துக்கொண்டால் போதும். கூப்பிட்டால் நீ கேட்பாய் என்று நான் தூங்கிவிடுவேன்.

நீயும் வேலை வேலை என்று கண் விழிக்காதே. நன்றாக இரு. அடுத்த வாரமும் எழுதுகிறேன். அதற்குள் நீயே வந்து நின்றால், எனக்கு எழுதுகிற வேலை மிச்சம்.

இப்படிக்கு,
உன் அப்பா