கூடையில் ஏறிய குழந்தை

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். என் மடியில்தான் இருக்கிறாள். அவள் விடாமல் அழுகிறாள். இந்தக் கடிதத்தோடு செய்ன் ஆற்றைத் தாண்டப்போகும் செம்படவனோ வாசலில் அவசரப்படுத்துகிறான்.

முற்றுகையால் ரூவான் நகரத்தில் தின்னக் குதிரைகள்கூடத் தீர்ந்துவிட்டன. சண்டைக்கு உதவாதவர்களையெல்லாம் நகர சபை வெளியே தள்ளிக் கதவை அடைத்தது. நிறைமாதமாக இருந்த உன் மனைவி பெரெத்தையும்தான். நான் தடுத்தேன், தம்பி. நம்பு. ஆங்கிலேயப் படை அவர்களை அப்பால் போகவிடவில்லை. மதிலடி அகழியில், மழையில் கிடக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அங்கேயே பிரசவம். ஞானஸ்நானத்துக்காகக் குழந்தையைக் கூடையில் வைத்து மேலே இழுத்தார்கள். கயிற்றைப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் ஊற்றி முடித்ததும் பாதிரியார், "சரிம்மா, கீழ இறக்கு" என்றார்.

"இந்தக் குளிர்லயா சாமி? செத்துடுமே!"

"சபை உத்தரவு. நான் என்னம்மா பண்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அந்த நேரம் போதுமாக இருந்தது. குழந்தையை என் அங்கிக்குள் மறைத்தேன். என் கம்பளிச் சால்வையைச் சுருட்டி, நடுவில் ஒரு ரொட்டித் துண்டை வைத்துக் கூடையை இறக்கினேன். குழந்தை கீழே போய்ச் சேர்கிறதா என்று காவலன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரெத் துணியை விலக்கிப் பார்த்தாள். அவள் ஒரு கூச்சல் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சால்வையை மார்போடு அணைத்து, காவலன் கண்ணில் படும்படி உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் மதில் பக்கம் போகவில்லை.

உன் அக்கா