பன்னிரண்டு கணினிகளுக்கு ஒரே எண்

உங்கள் மனைவி ஸ்டெல்லா நேற்றுக் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையைத் துடைக்காமலே தட்டச்சு செய்வீர்கள். தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த காலத்திலேயே நீங்கள் தொட்ட பொத்தான்களெல்லாம் அப்படித்தான் மணக்கும். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. வாசனை போகவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

கோயில் வளாகத்துக் கணினி அறைக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்கள். அன்றைக்கு ஒரு நினைவு மலரும் வருகிறதாம். ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள்தான் அவரோடு அதிக வருஷம் இருந்தவர், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். சரி என்றேன். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தானே இத்தனை வருஷம் என்னை நடத்தினீர்கள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது உங்களைப் புகழ்ந்து ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அந்த அறை கெட்டது என்னால்தான் என்று கோயில் பங்கு மக்கள் அத்தனை பேரையும் நம்பவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இறந்தவருடைய மலரிலேயே அதைத் திருத்துவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். முறையில்லைதான். வேறு இடம் எனக்குக் கிடைக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் அல்லவா.

எலெக்ட்ரானிக் சிட்டிக் கம்பெனி ஒன்று ஏழைப் பெண்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்க என்று பன்னிரண்டு பழைய மடிக்கணினிகளை நம் கோயிலுக்குக் கொடுத்தது. கொடுக்கும்முன் ஹார்டு டிஸ்குகளைக் கழற்றிக்கொண்டார்கள். அடியில் இருந்த எண் ஸ்டிக்கர்களையும் உரித்துவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அது. டிஸ்க் இல்லாத கணினியை லேன் கேபிள் வழியாக ஒரே ஒரு சர்வரிலிருந்து எழுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். பயப்படாமல் நான் சொன்ன யோசனைகள் குறைவு. அது அவற்றில் ஒன்று. ஆனால் திறந்து பார்த்தால், லேன் வழியாக எழுப்பும் வசதியைக் காட்டும் பக்கமே அந்த மாடலில் இல்லை.

இல்லை என்றால் இல்லாமல் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் கணினி முதலில் படிக்கும் நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப்பில் அது இருக்கும். அந்த நிரலுக்குள் அந்தப் பக்கம் முழுசாக இருந்தது. தயாரித்தவர்கள் அதைக் கண்ணில் படாமல் மறைத்து அனுப்பியிருந்தார்கள். இதை உங்களிடம் சொன்னபோது, "அப்போ பிரிச்சுப் பாரு வாத்தியாரே. எம்.எஸ்ஸி. படிச்சவன்தானே நீ," என்றீர்கள்.

பிரித்துப் பார்த்தேன். சிப்பின் கால்களைக் கவ்வுகிற கிளிப்பை மாட்டி, உள்ளே இருப்பதைக் கோப்பாகப் படித்தெடுப்பேன். உடனே கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டி இன்னொரு முறை படிப்பேன். இரண்டு கோப்பும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை. கவ்வியது சரியாக இல்லாவிட்டால் குப்பைதான் கோப்பாக வரும், அதைத் திருப்பி எழுதினால் கணினி செத்துவிடும். பக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்பீர்கள்: "இன்னா வாத்தியாரே, ரெண்டு தபா படிக்கறே? கணினிக்குப் பரீட்சையா, உனக்கா?" நானும் சிரித்தேன். அது எனக்கு இப்போது எரிகிறது.

மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் பக்கத்தை மறைக்கிற நிபந்தனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரே ஒரு பைட்டை மாற்றி எழுதினேன். மறைந்திருந்த பக்கம் வந்தது. உங்கள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். முதுகில் ஓங்கி அறைந்தீர்கள். அந்த வாரம் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் "நாங்க திறந்துட்டோம்" என்றீர்கள். அடுத்த வாரம் அதே வாசலில் "நான் திறந்துட்டேன்" என்றீர்கள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன் என்று எழுதியாக வேண்டும். புகழ் எனக்குக் கூச்சம். பழியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் கண்ணில் புரை அறுவை நடந்தது. குனியக் கூடாது என்றார் டாக்டர். மீதிப் பதினொரு கணினிகளை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். முதல் கணினியில் நான் மாற்றிய கோப்பை மாதிரிக்காகக் கொடுத்தேன். கூடவே கையால் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு. அதில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்: ஒவ்வொரு கணினியின் சிப்பிலும் அதற்கே உரிய எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டுதான் சர்வர் அதை அடையாளம் காணும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்து, அதன் கோப்பிலேயே அந்த ஒரு பைட்டை மாற்றி, அதற்கே திருப்பி எழுத வேண்டும். என் கோப்பை இன்னொன்றில் அப்படியே ஏற்றக் கூடாது.

நீங்கள் அப்படியே ஏற்றினீர்கள். பதினொன்றிலும். ஒரு பிற்பகலில் முடித்துவிட்டேன் என்று போனில் பெருமையாகச் சொன்னீர்கள். ஒரு பிற்பகலில் எப்படி முடியும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஜெபித்து நாடாவை வெட்டினார். பன்னிரண்டு கணினிகளையும் வரிசையாகப் போட்டீர்கள். முதலாவது எழுந்தது. இரண்டாவதைப் போட்டதும் முதலாவது உறைந்தது. மூன்றாவது எழுந்தபோது இரண்டாவது விழுந்தது. சர்வருக்கு எல்லாம் ஒரே கணினி. கண்ணில் பச்சைத் திரையோடு கடைசியில் நின்றிருந்த எனக்கு உடனே புரிந்தது. உங்களுக்கும் புரிந்தது, உங்கள் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று ஃபாதர் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஃபைல் வாத்தியாரோடது ஃபாதர். நான் சும்மா ஏத்தினேன், அவ்ளோதான். பாவம், வயசாயிடுச்சு, விடுங்க."

உங்களுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை என் கோப்பிலேயே ஏதாவது பிழை இருந்தால்? வீட்டுக்குப் போய் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எட்டு நாள் சோதித்தேன். கோப்பில் பிழை இல்லை. அதைச் சொல்லப் போனபோது விஷயம் ஆறி, முடிவாகிவிட்டிருந்தது. மறுபடி நான் ஒருமுறை பார்க்கட்டுமா என்று ஃபாதரிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற நீங்கள், "வேணாம் ஃபாதர், இருக்கறதும் பூடும்," என்றீர்கள். அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் என்னைக் கண்டால், கணினியைக் கெடுத்தவர் என்பதற்காகவே கூடுதலாக அன்பு காட்டினார்கள். வசை எவ்வளவோ மேல்.

இப்போது யாருக்கும் தெரியாததைச் சொல்கிறேன். பன்னிரண்டு கணினிகளின் அசல் கோப்புகளும் என்னிடம் இருந்தன. ஸ்டிக்கர்களும் போனபின், அழிந்த எண்கள் வேறெங்கும் இல்லை. அறுவைக்கு முன்னாலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து வைத்திருந்தேன். இரண்டு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்க முடியும். நான் செய்யவில்லை. நீங்களாக என் வீட்டு வாசலுக்கு வந்து, தவறு உங்களுடையது என்று சொல்லிக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்று வருஷம் காத்திருந்தேன். நீங்கள் எண்ணை மட்டும் கையால் மாற்றிப் பார்த்தீர்கள் என்றும், கோப்பு பிசகவில்லையா என்று கணினி பார்க்கிற கூட்டல் சரிபார்ப்பு பொருந்தாமல் அந்தக் கணினியில் லேனே காணாமல் போயிற்று என்றும் கேள்விப்பட்டபோது நன்றாகச் சாப்பிட்டேன். ஆண்டு அறிக்கையில் கணினி அறை மெதுவாக முன்னேறுகிறது என்று வாசித்தபோது பின் வரிசையில் உட்கார்ந்து உங்கள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கணினி வைத்த அறையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடியது. பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துப் பழகினார்கள். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வருவாள், ஆபீஸ்களில் தரை துடைக்கிற வேலை, அதே ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்று. சில மாதம் வந்தாள். பிறகு வரவில்லை. அந்த நாற்காலி காலியானதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து அசல் கோப்புகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். உங்கள் சிரிப்பு ஞாபகம் வந்தது. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா கொண்டுவந்தது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. வீட்டில் வைத்துச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தீர்களாம். அதன் சிப்பை இன்று காலை படித்தேன். முதல் கணினியின் எண் அதில் இருக்கிறது. கணினி தானே எழுதி வைக்கும் பதிவில், அந்தக் கோப்போடு அது முதலில் எழுந்த நாளும் இருக்கிறது, நான் கண்ணில் கட்டோடு கிடந்த நாள். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் சாட்சியைக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் அசலை வைத்துக் காட்ட வேண்டும். அசல் என்னிடம் மூன்று வருஷமாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும்முன் ஸ்டெல்லாவுக்கு வாசித்துக் காட்டுவதுதான் மரியாதை என்று நினைத்து உங்கள் வீட்டுக்குப் போனேன். முழுவதும் வாசித்தேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. முடிந்ததும் எழுந்துபோய்க் காபி கொண்டுவந்து வைத்தார்.

"அவருக்குத் தெரியும்ண்ணா," என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"உங்ககிட்ட ஒரிஜினல் இருக்குன்னு. அந்த ஆளு எடுத்து வைக்காம இருக்க மாட்டான்னு சொல்வாரு. போய்க் கேளுங்களேன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். கேட்டா எல்லார் முன்னாடியும் நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும்னு சொல்லிட்டாரு. என்னிக்காவது தாங்காம அவனே கொண்டாந்து போடுவான், பாருன்னாரு."

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மூன்று வருஷம் உங்களை ரகசியமாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த ஒரே கெட்ட காரியம் அது. அதையும் நீங்கள் தெரிந்துகொண்டு, நான் எத்தனை நாள் தாங்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நானே கொண்டுவந்து போடுவேன் என்று எவ்வளவு நிச்சயம் உங்களுக்கு. தெரிந்தும் என்னைப் பார்த்துப் பூசை முடிந்து கை குலுக்கினீர்கள். அந்தப் பெண்கள் பெஞ்சில் காத்திருந்தது நம் இருவருக்கும் தெரிந்தே.

மறுநாளே ஃபாதரிடம் போனேன். அசல்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், வரிசை தவறாமல். அவர் கோப்புகளின் பட்டியலைக் கடைசிவரை பார்த்தார். பிறகு, "மூணு வருஷமா இது உங்ககிட்டயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சாவியைக் கொடுத்தார். இரண்டு நாளில் அந்தப் பதினொன்றுக்கும் அவற்றின் சொந்த எண்களைத் திருப்பி எழுதினேன். நேற்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். பன்னிரண்டும் எழுந்து நின்றன. யாரும் கை தட்டவில்லை. தட்ட என்ன இருக்கிறது.

பலகையில் உங்கள் பெயர் வேண்டாமா என்று ஃபாதர் தயங்கிக் கேட்டார். மலரில் இதை அப்படியே போடத்தான் வேண்டுமா, கொஞ்சம் குறைக்கலாமா என்றும் கேட்டார். நான் இதுவரை யாரையும் மறுத்துப் பேசியதில்லை. குறைக்க வேண்டாம் என்றேன். பெயர்ப் பலகையையும் மாட்டுங்கள், பெரிய எழுத்தில் மாட்டுங்கள் என்றேன்.

கோபம் தணிந்துவிட்டது என்று எழுதினால் பொய். அது என்னோடுதான் இருக்கிறது, இருக்கட்டும். நாளையிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். வாசல் பலகையைப் பார்த்து, யார் சார் இவர் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உட்காரவைத்துச் சொல்வேன், உங்கள் பங்கையும் என் பங்கையும். என் பங்கைச் சொல்லும்போது நாக்கு புரளாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரையும் சொல்லாமல் விடப் போவதில்லை.