நூறாவதாக எழுதிய பறவை

1933 ஜனவரி 1, ஞாயிறு

விடியும்போது தூறல், எட்டு மணிக்கு மேல் வெயில். சைக்கிளுக்கு எண்ணெய். முதல் பூசை.

பூசை முடிந்து லெயோன் சாமியின் பங்களாவில் காப்பி. (இனி லெ.சா.) கடல் தாண்டி இந்த மலாய்த் தீவில் நம் கோவில் பங்குக்குச் சாமியாராக வந்து பதினோரு வருஷம். பிரெஞ்சுக்காரர், தமிழ் கற்றது புதுச்சேரியில். என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. வருஷக் கடைசியில் மறுபடி புதுச்சேரிக்கே மாற்றம். கடிதம் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை: "அந்தோணி, டிசம்பர் முடிவதற்குள் நீர் நூறு வகைப் பறவை பார்த்துவிடும். என் தூரக்கண்ணாடி உமக்கு."

நிபந்தனைகள், அவர் சொன்னபடி:
காட்டில், வெளியில் திரிவது மட்டும். கூண்டில் இருப்பது சேராது.
கண்ணால் பார்க்க வேண்டும். காதால் கேட்டது கணக்கில் இல்லை.
சாட்சி வேண்டாம். என் வாய்ச்சொல் போதும்.

கண்ணாடி சனி மதியம் முதல் ஞாயிறு மாலை வரை என்னிடம். அவருடைய பறவைப் படப் புத்தகம் எப்போதும்.

இன்று சிட்டு, மைனா, செம்பருந்து, மீன்கொத்தி, தேன்சிட்டு. ஐந்து. வீட்டுக்காரி ஞானம் வாசலில் நின்று கேட்டாள்: "இருபது வருஷமா நம்ம கூரையில உக்காந்திருக்கிற சிட்டு. இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?"

பிப். 12, ஞாயிறு

நல்ல வெயில். தண்ணீர்மலைப் பூந்தோட்டம். துடுப்புவால் கரிச்சான், வால் நுனியில் இரண்டு தட்டையான இறகு, அது தனியாகப் பின்னால் பறந்து வருகிறது. எண் 34. குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டது, இரண்டு தடவை. கழுத்து வலி.

வெறும் கண்ணுக்கு இலை. கண்ணாடி வைத்தால் அதே இலைக்கு அலகும் கண்ணும். நாற்பத்தாறு வயதில் ஒரு பொருள்மேல் இப்படி ஆசை வந்ததில்லை. கல்யாண மோதிரத்துக்குக்கூட இல்லை. ஞானம் இதைப் படிக்கக்கூடாது.

ஏப். 23, ஞாயிறு

புழுக்கம். செருப்பு வார் அறுந்தது.

ஒரு தண்டனை. ஜனவரியில் எழுதிய கோடு கோடான பழுப்புக் கொக்கு, எண் 11. மார்ச்சில் எழுதிய செம்பழுப்புத் தலைக் கொக்கு, எண் 52. இன்று சீனர் கீரைத் தோட்டத்துக் குட்டையில் ஒன்று நின்றது. கழுத்தில் பாதி கோடு, பாதி செம்பழுப்பு. இரண்டும் ஒரே கொக்கு. சட்டை மாற்றிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றியிருக்கிறது.

52-ஐ அடித்துவிட்டு, பின்னால் உள்ள எண்களை ஒவ்வொன்று குறைத்து எழுதினேன். லெ.சா.விடம் சொன்னபோது எழுந்து வந்து கை கொடுத்தார். "இதனால்தான் உம்மிடம் சாட்சி கேட்கவில்லை" என்றார். சாயங்காலம் முழுவதும் சந்தோஷம்.

ஜூலை 26, புதன்

லீவு. அர்ச். அன்னம்மாள் திருவிழா. பெரிக் கப்பல், பிறகு ரயில், பிறகு கூட்டம். புக்கிட் மெர்தாஜாம் முழுவதும் நம்மவர்கள்தான். ஞானம் தன் தங்கைக்குக் குழந்தை வரம் கேட்டு நின்றாள். நானும் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு. குன்றுப் பக்கம் மரத்தடியில் ஒரு மரகதப் புறா சருகு கிளறிக்கொண்டிருந்தது. எண் 81.

"அன்னம்மா முன்னாடியாவது நேரா நில்லுங்களேன்" என்றாள். மெழுகு கையில் சொட்டிக் கொப்புளம்.

அக். 8, ஞாயிறு

லெ.சா.வும் நானும் சம்பான் படகு பிடித்து எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊருக்கு. வற்றிய கடல், கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு, சேறு முழுவதும் உள்ளான்கள். எல்லாம் ஒரே மாதிரி. கால் பச்சையா மஞ்சளா என்று இரண்டு மணி நேரம் சண்டை. அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், ஆசீர்வாதமாக இருக்காது. கடைசியில் மூன்று வகை என்று ஒப்பந்தம். 93.

திரும்பி ஏறும்போது அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. பழைய நோவாம்.

நவ. 26, ஞாயிறு

மழை விட்டது. கெலுகோர் சாலை, பொழுது சாயும் நேரம். நடுச் சாலையில் பக்கிக் குருவி உட்கார்ந்திருந்தது. பலகையில் சுத்தி அடிப்பது போன்ற குரல். மலாய்க்காரர் தச்சன் பறவை என்கிறார்கள். சைக்கிள் சக்கரம் கிட்டே போகும்வரை நகரவில்லை.

99.

இன்னும் ஐந்து வாரம், ஒரே ஒரு பறவை. கண்ணாடியை எந்த ஆணியில் மாட்டுவது என்று பார்த்து வைத்துவிட்டேன்.

டிச. 3, ஞாயிறு

மழை. கொடிமலைக்கு ரயிலேறிப் போனேன். மேலே மேகம், என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை. சளி.

டிச. 9, சனி

ஆபீஸ் அரைநாள். கெலுகோர் கண்டல் காடு. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த மீன்காரர் பா மாட், உள்ளே கூப்பிடுவது பாச்சாட் பறவை என்றார். தினம் கூப்பிடுமாம், இதுவரை அவர் பார்த்ததில்லையாம்.

இரண்டு சீழ்க்கை. சற்று நிறுத்தி மறுபடி இரண்டு. லெ.சா. அடிக்கடி சொல்லும் ஆறுமணிக்குருவி இதுதான். ஊரில் இதன் இனம் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுமாம். முழங்கால்வரை சேற்றில் ஒரு மணி நேரம் நின்றேன். இருபதடி தூரம் இருக்கும். இலை ஒருதரம் ஆடியது. இருட்டிவிட்டது.

வீடு. கால் கழுவினேன். புத்தகத்தில் படம் பார்த்தேன். எழுதினேன்:

100. ஆறுமணிக்குருவி. கெலுகோர். முதுகு பச்சை, இறக்கை நீலம், வயிறு சிவப்பு.

பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

டிச. 10, ஞாயிறு

எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். லெ.சா. காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தே நின்றார். புதுச்சேரியில் எட்டு வருஷம், இங்கே பதினொன்று, குரலைத்தான் கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படி நின்றது? எப்படி நகர்ந்தது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நடந்தது என்றேன். மைனா நடப்பதுபோல, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே. ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தது என்றேன். இதெல்லாம் எங்கிருந்து என் வாயில் வந்தது? படத்தில் அது சும்மா நிற்கிறது.

கண்ணாடி இன்றுமுதல் என்னுடையது என்றார். கப்பல் ஏறும்வரை மட்டும் இரவலாகக் கேட்டார், தானும் ஒருதரம் அதைப் பார்த்துவிட்டுப் போவதற்காக.

மத்தியானம் ஆட்டுக்கறி. பாதிக்கு மேல் ஞானத்தின் தட்டுக்குத் தள்ளினேன்.

டிச. 14, வியாழன்

விடாத மழை. கோவில் உபதேசியார் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். திங்கள், புதன், இன்று, மூன்று நாளாகச் சாமி ரிக்‌ஷாவில் கெலுகோர் போய் வருகிறாராம். "முட்டியப் பாக்கணும் அண்ணே, பூசணிக்கா கணக்கா வீங்கியிருக்கு. யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க பாத்தீங்களாமே, தானும் பாக்கணுமாம்."

வெட்கம். வேறு வார்த்தை இல்லை.

டிச. 17, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று பங்களாப் படிவரை போனேன். காலை ஸ்டூலில் நீட்டித் துணி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கோவில் திரைச்சீலைக் கணக்கு, கிறிஸ்மஸ் குடில் வைக்கோல், இதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு வந்தேன். கோழை.

டிச. 23, சனி

கிறிஸ்மஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நம் கோவிலில் செய்ய முடியுமா? சைக்கிளை மிதித்துப் பூலாவ் தீக்கூஸ் பக்கத்துக் கோவிலுக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரைக்கு இப்புறம் முழந்தாளிட்டு, வெள்ளிக்கிழமை கறி தின்றது, ஆபீஸில் கோபம், எல்லாம் சொன்னேன். பிறகு: "பாக்காத ஒரு பறவையைப் பாத்ததா ஒருத்தர்கிட்ட பொய் சொல்லிட்டேன், சாமி."

மறுபக்கத்திலிருந்து ஓர் இருமல்.

பதினோரு வருஷமாகக் கேட்கிற இருமல். அந்தக் கோவில் சாமிக்குக் காய்ச்சலாம், உதவிக்கு லெ.சா. வந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து ஓடவும் முடியாது.

எந்தப் பறவை என்று கேட்கவில்லை. யாரிடம் என்று கேட்கவில்லை. பொய்யால் யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால் சரி செய்யும்படி, எல்லாருக்கும் சொல்லும் அதே குரலில் சொன்னார். அபராதம்: செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிச் செபம் ஒரு தரம். சமாதானமாய்ப் போம் என்றார்.

வரும் வழியில் வியர்வை. ஆனால் ஓர் ஆறுதல். தொட்டியில் கேட்டதை எந்தச் சாமியும் வெளியே பேசக்கூடாது, அதைப் பற்றி என்னிடம்கூடப் பேச முடியாது. விஷயமும் தெரிந்துவிட்டது, இனிக் கெலுகோர் போக மாட்டார். முழங்கால் பிழைத்தது. நான் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிந்தது.

டிச. 25, திங்கள்

திருநாள். லெ.சா. எல்லார் கையையும் பிடித்தார், என் கையையும். முகத்தில் ஒன்றுமில்லை. ஞானத்துக்குக் கேக் கொடுத்தார்.

டிச. 27, புதன்

சாமி நேற்றும் கெலுகோர் போனார், இன்றும் போகிறார் என்கிறார் உபதேசியார்.

எனக்கு விளங்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று அவருக்குத்தான் தெரியுமே? ஆபீஸில் சரக்குப் பட்டியல் கூட்டிக்கொண்டிருக்கும்போது, பாதிப் பக்கத்தில் விளங்கியது. இப்போது போவதை நிறுத்தினால், தொட்டியில் கேட்டதை வைத்து நிறுத்தியதாகும். வாயால் மட்டுமல்ல, செய்கையாலும் காட்டக்கூடாது. அதனால் போகிறார். எதுவும் தெரியாதவர்போல், அந்த முழங்காலோடு, என் மைனா நடையை நம்பினவர்போல். கூட்டல் மூன்று தடவை தப்பியது.

ஞானத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு சலிப்பதை நிறுத்தினாள். திட்டவில்லை. "அவருதான் வாயத் தொறக்கக்கூடாது. உங்களுக்கு என்னலா?" என்றாள்.

டிச. 30, சனி

மேகம், மழை இல்லை. மதியம் பங்களாவுக்குப் போனேன், நானும் வருகிறேன் என்றேன். இரண்டு ரிக்‌ஷா. கெலுகோர் சாலையில் இறங்கிக் கண்டல் காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அவர் தடி ஊன்றி முன்னால், நான் பின்னால். முதுகைப் பார்த்துச் சொல்வது எளிதாக இருந்தது.

"சாமி, ஒன்பதாந்தேதி நான் அந்தப் பறவையப் பாக்கல. சத்தம் மட்டும்தான் கேட்டேன். உங்ககிட்ட சொன்னது பொய்."

நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"அப்படியா, அந்தோணி. இப்போதுதான் கேள்விப்படுகிறேன்."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் பென்சிலை நீட்டினார். என் நோட்டில் நூறை அடித்தேன்.

இனி வேலையில்லை என்று நான் ரிக்‌ஷாப் பக்கம் திரும்பினேன். சத்தம் கேட்டது உண்மைதானா என்றார். உண்மை என்றேன். "அப்படியானால் உட்காருவோம்" என்றார்.

கவிழ்த்துப் போட்ட சம்பான்மேல் உட்கார்ந்தோம். கொசு. ஐந்தே முக்காலுக்கு இரண்டு சீழ்க்கை. அவர் கண்ணாடியைத் தூக்கினார், அப்படியே உறைந்துபோனார். வேர்களுக்கு நடுவே இருட்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மூச்சு விடவில்லை அவர். எவ்வளவு நேரமோ. பிறகு கண்ணாடியை என் பக்கம் தள்ளினார், வார் அங்கிப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. விடுவித்து வைத்துப் பார்த்தேன். வேர். சேறு. ஒரு நண்டு.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு என் முழங்காலில் தட்டினார்.

"அது நடக்கவில்லை, அந்தோணி. தத்துகிறது."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பா மாட் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

டிச. 31, ஞாயிறு

நாள் முழுக்க மழை. மாலை நன்றிப் பாட்டுப் பூசை. கூரையில் நனைந்த சிட்டு மட்டும்.

மொத்தம் 99.

1934 ஜன. 2, செவ்வாய்

வெயில். ஆபீஸில் அரைநாள் கேட்டுக் கப்பல் ஜெட்டிக்குப் போனேன். பங்கு முழுவதும் அங்கே. ஞானம் ஊறுகாய் ஜாடி கொடுத்தாள். கண்ணாடி அவர் கழுத்தில். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நியாயம் அதுதான். இருந்தாலும் இரண்டு தடவை அதைப் பார்த்தேன், அவர் கவனித்தார்.

கப்பல் நகர்ந்த பிறகு மேல்தட்டில் வெள்ளை அங்கி தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கினார். கரை முழுவதும் துழாவி, என்மேல் வந்து நின்றது. நான் அசையாமல் நின்றேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியில், புது வருஷக் கணக்கு:
1. சிட்டு
2. மைனா
3. ஆலமரத்தில் ஒரு குரல். சைக்கிளை நிறுத்திக் கால் மணி நேரம் பார்த்தேன். தெரியவில்லை. அடித்துவிட்டேன்.