இப்ப தனியா இருக்கிறீங்களா?

ஏறாவூர்
05.05.2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம். நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள், தெரியும்.

எட்டு வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்திவிட்டு இப்போது என்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். இது வதனி மிஸ்ஸின் யோசனை. ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஒதுக்கிய உளவளத்துணையாளர். முகத்தைக் கண்டதில்லை, போனில்தான் வருகிறார். மகள் நஸ்ஹாவை ஆறு கொண்டுபோன நவம்பரிலிருந்து நான் போனைத் தொடுவதில்லை என்று நஸீறா ராத்தா அக்கா என்ற உரிமையில் அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டா. தொடமாட்டேன் என்பவளுக்குப் போனிலேயே வைத்தியம். அவர்கள் தந்த தாளில் நாலு வழி இருக்கிறது. பேசலாம், முகம் பார்த்துப் பேசலாம், எழுதி அனுப்பலாம், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரோடு கூட்டாகப் பேசலாம். நாலுக்கும் அந்தப் போன்தான் வாசல்.

முகம் பார்ப்பது முடியவே முடியாது. மூலையில் என் முகம் சின்னதாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் எங்கள் பின்கதவு தெரிகிறது. எழுதுவதென்றால் அதைக் கையில் எடுக்க வேண்டும். ஆகவே ராத்தா தன் போனைக் கதிரையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட, நான் இரண்டு முழம் தள்ளிப் பாயில் இருந்தேன். மிஸ் எடுத்த எடுப்பிலேயே, "இப்ப தனியா இருக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. "ஓம் மிஸ், தனியாத்தான் இருக்கன்" என்றேன். பக்கத்தில் ராத்தா இருமினா. மிஸ் கேட்டது வேறு, யாரும் ஒட்டுக் கேட்கிறார்களா என்று. ஒவ்வொரு முறையும் முதலில் அதைக் கேட்க வேண்டுமாம், அது அவர்களுடைய ஒழுங்கு.

மனதில் கிடக்கிற ஒரு கேள்வியையாவது உங்களிடம் எழுதிக் கேட்கச் சொன்னார். கேட்கிறேன். நஸ்ஹா போன அன்றைக்கு, நான் ஓட்டமாவடிக்குப் போய் மாமியைப் பார்க்கவில்லை என்று நீங்கள் வீடியோவில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பின்கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மகள் என் பின்னால் வெளியே போனதை நீங்கள் கண்டீர்களா? ஊர் என்னைப் பற்றி, "போன்ல கதைச்சிக்கிட்டு நிண்டு புள்ளைய ஆத்துக்குக் குடுத்தவ" என்கிறது. நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பரில் லீவு உறுதிதானே? எப்படியாவது வந்துவிடுங்கள். இந்த வீட்டில் ஒற்றையாக இருக்க என்னால் ஏலாது.

உங்கள்
றுமானா


டோஹா
27.05.2024

அன்பின் றுமானா,

வஅலைக்கும் முஸ்ஸலாம். நீ கோபத்தில் எழுதினால் எழுத்து வலப்பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் எல்லாம் நேராக நின்றன. அதைக் கண்டுதான் பயந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நானும் பேசுகிறேன். கொழும்பில் ஒரு மனநல டொக்டர், தமிழ் பேசுகிறவர், கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் வருவார். எங்கள் அறையில் எட்டுப் பேர். அதனால் ஏசி ஏற்றுகிற வேனுக்குள் ஏறிக் கண்ணாடிகளை உயர்த்திவிட்டுப் பேசுவேன். அவரும் முதலில் அதையேதான் கேட்கிறார். எனக்குப் பின்னால் இருபது ஏசிப் பெட்டி இருக்கும், "ஓம் டொக்டர், தனிய" என்பேன். இங்கே ஒரு கிளினிக்கில் காட்டிக் குளிசையும் எடுக்கிறேன். தூக்கம் வருகிறது. எழும்பத்தான் மனம் வருவதில்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, நான் காணவில்லை. அன்றைக்கு லைன் சரியில்லை. உன் படம் அப்படியே உறைந்து நின்றது, குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. உன்னுடைய பிழை ஒன்றும் இல்லை, புள்ள. அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு மேல் யோசிக்காதே.

லீவு உறுதி. வருகிறேன்.

உன்
ஜிப்ரி


ஏறாவூர்
22.06.2024

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் அவித்தேன். இனிப்புக் கூடிப்போய்விட்டது என்று ராத்தா குறை சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டா.

படம் உறைந்து நின்றது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பத்துத் தரமாவது வாசித்திருப்பேன். நீங்களும் காணவில்லையென்றால் அவள் போனதை ஒருவருமே காணவில்லை. படைத்தவன் மட்டும்தான் கண்டான். எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது, ஏனென்று கேட்காதீர்கள்.

தாய்மாரின் கூட்டத்திலும் சேர்ந்தேன். பெயர் சொல்லக் கூடாது, ஆளுக்கோர் இலக்கம். நான் மூன்று. நான் வாயைத் திறந்ததும் ஐந்தாம் இலக்கம், "நீங்க ஏறாவூர்தானே?" என்று கேட்டுவிட்டா. அவ பெரியகல்லாற்றுக்காரி. பேச்சை ஒளித்துவைக்க இலக்கத்தால் முடியுமா? அவவுடைய மகனும் ஆற்றில்தான். "நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தம், ரெண்டு பேருக்கும் தெரியல்ல" என்று உங்களையும் என்னையும் சேர்த்துக் கூட்டத்தில் சொன்னேன். நாங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை நான், நான் என்றுதான் வாயில் வரும்.

இன்னொரு செய்தி. போனைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் வைத்திருந்தேன். ராத்தா மணிக்கூட்டைப் பார்த்து நின்றா, பரீட்சை மண்டபத்து ரீச்சரைப் போல.

நீங்கள் வந்ததும் முதலில் மகளை அடக்கிய மையவாடிக்குப் போக வேண்டும். பொம்பிளை நான் உள்ளே போக முடியாது, தெரியும்தானே. அவளுடைய தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை சரியாமல் நிற்கிறதா, மழைக்கு மண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள். ராத்தாவின் புருசனிடம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அவர் பார்த்திருக்கவே மாட்டார். நீங்கள் கண்டதைக் கண்டபடி சொல்வீர்கள்.

உங்கள்
றுமானா


டோஹா
14.07.2024

றுமானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்குப் பொய் எழுதினேன். படம் உறையவில்லை.

உன் தோளுக்கு மேலே அவள் நன்றாகத் தெரிந்தாள். மஞ்சள் சட்டை. கையில் மண்ணள்ளி விளையாடுகிற அந்தத் தயிர்முட்டிச் சட்டி. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனாள். "புள்ள வெளிய போறாள், பாரு" என்று சொல்ல வாய்வரை வந்தது. நான் உம்மாவின் விசயத்தில் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தை முடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். முடித்ததும் நீ பதிலுக்கு ஏசினாய். திரும்ப நான். அதற்குள் மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன், றுமானா. போனை வைத்துவிட்டுச் சாப்பிடவும் போனேன்.

இதை டொக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "அவசரப்படாதீங்க, உங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சுக் கதைப்பம்" என்றார். நான் காத்திருக்கவில்லை. மையவாடியைப் பார்த்துவந்து கண்டதைக் கண்டபடி சொல்லச் சொல்லி எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு என்னால் ஏலாமல் போய்விட்டது.

ஊர் உன்னைப் பேசும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. ஏசியாவது ஒரு வரி எழுது.

ஜிப்ரி


ஏறாவூர்
04.08.2024

ஜிப்ரி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. ராத்தாவிடம் காட்டவில்லை. ஊருக்கும் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். சொன்னாலும் ஊர் என்னைத்தான் பேசும்.

ஏசச் சொல்லியிருந்தீர்கள். ஏச்சு வரவில்லை. நீங்கள் ஒரு வசனத்தை முடிப்பதற்காக மகளை விட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்காக நானும் விட்டேன். உங்கள் பங்கு தெரிந்தால் என் பங்கு குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. இப்போது இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. கூட்டத்தில் நாங்கள், ரெண்டு பேருக்கும் தெரியல்ல என்று சொல்லிவிட்டேனே, அதைத்தான் நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் இலக்கம் அதற்காகவே அழுதா.

அவள் கடைசியாகக் கையைக் காட்டியது உங்களுக்கு. எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு அதில் பொறாமை என்றால் நம்புவீர்களா? கையைக் காட்டும்போது சிரித்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம்.

செப்டம்பரில் கொழும்பு பஸ்ஸில் வருவீர்கள். ஏறாவூருக்கு முன்னால் ஓட்டமாவடி வரும். அங்கேயே இறங்கிவிடுங்கள், மாமி காத்திருப்பா. இது எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. பின்கதவை ஆணியடித்து மூடிவிட்டேன். மையவாடிக்குப் போனால் போங்கள். வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்.

நேற்று மிஸ் பேசுகிற நாள். ராத்தாவை அவவுடைய வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போனை நானே எடுத்துக் காதில் வைத்தேன்.

"இப்ப தனியா இருக்கிறீங்களா?"

"ஓம் மிஸ், தனியாத்தான் இருக்கன்."

"நல்லம், அப்ப துவங்குவம்" என்றார்.

நஸ்ஹாவின் உம்மா