ஒரு குடம் தண்ணீர்

1996 ஏப்ரல், வியாழன் இரவு.

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில், புல்லைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி மண்ணைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். சூடு கூடினால் மண்ணுக்குள் இருக்கும் கார்பன் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. இன்று அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

நிலத்துக்காரரின் மனைவி சரசக்கா வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, புல்லு உள்ள வெந்துட்டுக் கெடந்துச்சுங்க. பாக்கச் சகிக்கல. நேத்து ஒரு கொடம் தண்ணி ஊத்திப்போட்டேனுங்க."

காய்ந்து கிடந்த மண், தண்ணீர் பட்டதும் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டிருக்கிறது. சூட்டால் எவ்வளவு, தண்ணீரால் எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது; இந்தக் கோடையின் உழைப்பு அவ்வளவும் வீண்.

"போச்சுங்கக்கா. இனி அடுத்த கோடையிலதான்" என்றேன். குரலில் கோபம் தெரிந்திருக்கும். அவர் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப பாப்பாவக் கூட்டிட்டு வர இன்னும் ஒரு வருசமாகுங்களா?"

ஆனைமலையில் அம்மாவிடம் மகளை விட்டிருப்பதையும், இந்த வேலை முடிந்ததும் கூட்டிவரப்போவதையும் எப்போதோ ஒருமுறைதான் சொன்னேன். மறக்காமல் வைத்திருக்கிறார். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். அந்த வெயிலில் படலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பாவம், தான் தண்ணீர் ஊற்றியதற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவர் இன்னும் பயந்துவிட்டார்.

நோட்டில் இன்றைய அளவை அடித்துவிட மனமில்லை. அப்படியே இருக்கட்டும்.

பாப்பா என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இந்நேரம் அம்மாவின் காதைப் பிடித்திருப்பாள். என் காது சும்மா கிடக்கிறது.