ஜின்னிங் பேக்டரி நிற்கிறது, மதினி

ஒரு வருசம் முழுக்க என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தானாகவே என் வாசலில் வந்து உட்கார்ந்த பேச்சி மதினிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறார், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அதை எழுத இப்போது உட்காரவில்லை. பேக்டரி இருக்கிறது, மதினி. சுவரிலிருந்து ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இதை ஊர்க்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நம் ஊர் வந்துவிட்டது என்று சொல்வதே அந்தப் புகைபோக்கிதான். பருத்தியில் கொட்டையைப் பிரித்து, பஞ்சைப் பொதியாக அமுக்கி லாரியில் ஏற்றிய இடம். நீங்கள் அங்கே பதினெட்டு வருசம் மிஷினுக்குப் பருத்தி அள்ளிப் போட்டீர்கள். நான் ஆறு வருசம், உங்களுக்கு அடுத்த மிஷினில். வீட்டில் மதினியும் நாத்தனாருமாக முறைத்துக்கொள்வோம். அங்கே போனால் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவோம். தொண்ணூற்றெட்டில் பூட்டினார்கள். அதற்கு இரண்டு வருசம் முன்பே உங்களுக்கு இருமல் தொடங்கியிருந்தது. பஞ்சுத் தூசி என்று டாக்டர் சொன்னார். அதற்கு யார் பொறுப்பு என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருசம் பூட்டிக் கிடந்தது. பிறகு முதலாளி வீட்டுப் பேரன்மார் அதை இடித்து பிளாட் போடப் போவதாகச் செய்தி வந்தது. பிளாட் வாங்க ஊருக்குள் ஆள் பிடித்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். பழைய வேலையாட்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு காகிதம் சுற்றுக்கு வந்ததே, அதில் முதல் கையெழுத்து என்னுடையது. என்னை யாரும் மிரட்டவில்லை. அந்த இடம் ஒழிந்தால் போதும் என்று நானாகத்தான் போட்டேன்.

அன்றைக்கே வந்து நின்றீர்கள். “உனக்கு என்னத்துக்குப் புள்ள அந்தக் கையெழுத்து?”

“மூச்சக் கெடுத்த எடம் மதினி. இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது? இடிச்சிட்டுப் போகட்டும்.”

இருமி முடிக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “நோவு நமக்கு, எடம் அவுகளுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டு விசேஷங்களில்கூட என் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஒரு வருசம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தகவல் கேட்கச் சட்டம் வந்திருக்கிறது என்று மகளிர் குழுக் கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம். ஐந்தாவது வரை படித்த நீங்கள் உங்கள் கையாலேயே எழுதினீர்கள். கேட்டது ஒரே கேள்வி: இந்த இடம் யாருக்குச் சொந்தம்? முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அடுத்ததற்கு வந்த பதிலில் ஒன்றும் இல்லை. திங்கள்கிழமைதோறும் தேனி கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். கடைசியில் பதில் வந்தது. நிலம் ஊருக்குச் சொந்தம். பேக்டரி நடத்தக் குத்தகைக்குக் கொடுத்தது. குத்தகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

நட்டு வைத்த பிளாட் கற்களை அந்தப் பேரன்மாரே பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காகிதத்தோடு நேராக என் வாசலுக்குத்தான் வந்தீர்கள். நான் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். “இனி எங்கூட வர்றியா, இல்ல இங்கனயே இருக்கப் போறியா?” வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த சண்டை நம் பேரூராட்சியோடு. இடம் ஊருக்குத்தானே, கட்டடத்தை இடித்துக் கடை கட்டுவோம் என்றார்கள். இன்ஜினியர் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். ஐப்பசி மழை கொட்டுகிறது. மனுசன் வாசலில் குடையோடு நின்று, பாழடைந்த கட்டடம் என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

“சார், வாசல்ல நின்னே எழுதுவீகளா? உள்ள வாங்க” என்றீர்கள்.

வந்தார். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் நாம் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கொட்டகையில் மேற்கு மூலையில் இரண்டு இடத்தில்தான் ஒழுகியது. ஏணி போட்டு ஏறி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, “எல்லாம் தேக்கும்மா. இனி இந்த மாதிரி கிடைக்காது” என்றார்.

“கிடைக்காதத இடிச்சிட்டு என்னத்தக் கட்டப் போறீக?”

அவர் சிரிக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். சுவரும் மரமும் பலமாக இருக்கின்றன, ஓடு மாற்றினால் போதும் என்று.

பங்குனியில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது அந்த இன்ஜினியர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டீர்கள். என் பீரோவில் என்றேன். “பூட்டி வை” என்றீர்கள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அண்ணனுக்கும் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

நீங்கள் இல்லை என்றதும் பேரூராட்சிக்காரர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வைகாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்து நின்றது. நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நம்மோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். மார்க்கையன்கோட்டையில் இருப்பவர்கள்கூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். கொட்டகைக்குள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டோம்.

பேரூராட்சித் தலைவர் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏம்மா அன்னக்கொடி, இடிக்கச் சொல்லி மொதக் கையெழுத்துப் போட்டவ நீதான?”

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்றார். எழுந்து நின்றேன்.

“ஆமாங்க, போட்டேன். தப்புன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பெறகும் அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?”

பிறகு ரிப்போர்ட்டைச் சத்தமாகப் படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். ஜேசிபி டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். “உள்ள ஆளுக இருக்கும்போது நான் வண்டிய எடுக்க மாட்டேன்” என்றார். யார் பெற்ற பிள்ளையோ. மத்தியானம் தாசில்தார் வந்து, இன்ஜினியர் எழுதியதைப் பார்த்து வேலையை நிறுத்தினார். மூன்று மாதம் அலைந்தபிறகு பேரூராட்சியில் தீர்மானம் போட்டார்கள். கொட்டகை இருக்கும். மகளிர் குழுக்களுக்குத் தையல் கூடமாகும்.

ஜேசிபி வந்த அன்றைக்கு நான் வீட்டில் சோறு ஆக்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்கவும் இல்லை. ஓடு மாற்றுகிற வேலைக்கு இப்போது அவரும் போகிறார்.

பழைய கட்டடத்தின் மேல் இந்தப் பொம்பளைகளுக்கு என்ன ஆசை என்று சிலர் கேட்கிறார்கள். ஆசையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊரில் அத்தனை பெண்கள் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேறு இடம் எங்கே இருக்கிறது? நாம் உடம்பைக் கொடுத்து ஓட்டிய இடம் நமக்குப் பிறகு வருகிறவர்களுக்காவது உதவ வேண்டாமா? இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்போது புதுத் தகராறு. தை மாதமே தையல் மிஷினை இறக்கிவிடலாம், காற்றுப் போக்கியெல்லாம் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பஞ்சு பறக்கக் கூடாது என்று முதலாளி ஆணி அடித்து மூடிய ஜன்னல்களில் பதினொன்றை நாங்களே நெம்பித் திறந்துவிட்டோம். இன்னும் ஒன்பது இருக்கிறது. ஃபேன் மாட்டாமல் ஒரு மிஷின் உள்ளே வராது. தலைவருக்குக் கோபம். இருக்கட்டும்.

நீங்கள் செய்யச் சொல்லாததையும் சேர்த்தே செய்கிறேன், மதினி. அங்கே வேலைக்கு வருகிற ஒருத்திகூட இருமிக்கொண்டு வீடு திரும்ப மாட்டாள். அதற்கு யார் பொறுப்பு என்று இனி யாரும் தேட வேண்டாம். நான் பொறுப்பு.

உங்கள் மேல் கொஞ்சம் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிற
உங்கள் நாத்தனார்,
அன்னக்கொடி